பொருத்தம் பார்க்கும் பலகை

காரின் பின்சீட்டில் என் பழைய சுங்குடிச் சேலை ஒன்று நீளமாகச் சுருட்டிக் கிடந்தது. அதற்குள் 12 அம்புகள். எல்லாமே மரத்தண்டு, வான்கோழி இறகு வைத்தவை. ஒன்பது அம்புகள் நல்ல பிள்ளைகள். மூன்று மட்டும் எப்போது விட்டாலும் இலக்குக்கு இடப்பக்கமாகவே போய் விழுந்தன.

மகள் ஒரிகன் மாநிலத்தில் பீவர்ட்டனில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக அங்கே ஒரு வில்வித்தைக் குழுவில் பழகுகிறாள். கப்பி, குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத பழைய பாணி மரவில். நாணை 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு கனம். அவளோடு ஆறு மாதம் இருக்கப் போனபோது, வாராவாரம் மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த மூன்று அம்புகளின் முறை வரும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கும். “என் கைதான்மா சரியில்ல” என்பாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் 31 வருடம் பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் லேபில் இருந்தவள் நான். கம்பியை இழுத்தும், உத்தரத்தை வளைத்தும், அது எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டியே காலம் போயிற்று. ஒரே கை, ஒரே வில், ஒன்பது அம்பு நேராகப் போகிறது, மூன்று போகவில்லை என்றால், நான் முதலில் அந்த மூன்றைத்தான் சந்தேகப்படுவேன்.

“கையை விடு கண்ணு. தண்டை அளந்து பார்த்தியா?”

“தண்டு எவ்வளவு வளையுதுன்னு அளக்கணும்னா ஸ்பைன் டெஸ்டர் வேணும்மா. விலை அதிகம்.”

“செஞ்சா ஆச்சு.”

செப்டம்பர் கடைசியில் அவளுக்கு நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. அம்புத்தண்டுக்கென்றே பேர்போன மரம் வளரும் ஊருக்குப் போய், மரத்தையும் பார்த்து, தண்டும் வாங்கி, அங்கேயே அந்தக் கருவியையும் செய்துவிடலாம் என்று கிளம்பினோம். ஊரின் பெயர் போர்ட் ஆர்ஃபர்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்ன மீன்பிடி ஊர்.

பீவர்ட்டனிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே போகப் போக முதலில் வருவது சேலம், ஒரிகனின் தலைநகரம். ஊர்ப்பலகையில் அந்தப் பெயரைப் படித்ததும் சங்ககிரி, மகுடஞ்சாவடி எல்லாம் ஒரு நொடி மனதில் வந்து போயின. யூஜீன், காட்டேஜ் குரோவ், ரோஸ்பர்க் தாண்டி மேற்கே திரும்பி 42ஆம் எண் சாலையைப் பிடித்தோம். அதன்பின் வளைவும் மலையும்தான். மர்ட்டில் பாயிண்ட், கொக்கீல் என்று ஆற்றோர ஊர்கள். பேண்டனில் கடல் தென்பட்டது. அந்தப் பக்கத்தில் பாத்தி பாத்தியாகக் கிரான்பெர்ரி போட்டிருந்தார்கள். அறுவடைக்கு முன்னால் பழம் சிவந்து, செடியே மருதாணி வைத்தது போல இருந்தது.

போகிற வழியில் மகளுக்கு ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைத்தேன். அல்லது அவளும் நானுமாகச் சேர்ந்து தீர்த்துக்கொண்டோம். மரவில்லில் அம்பு வில்லின் நடுவே போவதில்லை. வில்லின் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அப்படியானால் அம்பின் வால் உள்ளே தள்ளப்பட, தலை வெளியே திரும்பத்தானே வேண்டும்? ஆனால் நல்ல அம்பு குறி பார்த்த இடத்துக்கே போகிறது. ராபர்ட் எல்மர் என்ற வில்லாளி இதற்கு ‘வில்லாளியின் முரண்’ என்று பெயர் வைத்தார். அதன் முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர். 1930களில் அதிவேகப் படம் எடுத்து, நாண் விட்ட நொடியில் அம்பு என்ன செய்கிறது என்று காட்டினார்.

அம்பு வளைகிறது. நாண் பின்னாலிருந்து தள்ள, முனையின் கனம் முன்னால் தடுக்க, நடுவில் தண்டு வில் போல நெளிகிறது. முதலில் வில்லின் பக்கம் வளைந்து, அடுத்து எதிர்ப்பக்கம் வளைந்து, மீன் போலத் துள்ளி வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. பிறகு நெளிவு அடங்கி நேராகப் பறக்கிறது. இந்த ஒரு நெளிவு வில்லின் வேகத்தோடு தாளம் சேர்ந்து நடக்க வேண்டும். தண்டு விறைப்பாக இருந்தால் போதுமான அளவு வளையாது. வலக்கைக்காரர் விட்டால் இடப்பக்கம் ஒதுங்கும். தண்டு துவண்டால் வலப்பக்கம் ஒதுங்கும்.

“அப்ப நம்ம மூணும்?”

“விறைப்பா இருக்கும்னு நினைக்கிறேன். பார்க்கலாம்.”

போர்ட் ஆர்ஃபர்டில் நாங்கள் இறங்கியபோது மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்த் துறைமுகம் தெற்குக் காற்றுக்குத் திறந்து கிடக்கும் இடம். படகைத் தண்ணீரில் கட்டி வைத்தால் பாறையில் மோதும். அதனால் மீன்பிடித்துத் திரும்பும் ஒவ்வொரு படகையும் கிரேன் கொக்கியில் மாட்டி அப்படியே தூக்கி, சக்கரம் வைத்த வண்டியில் மேடை மேல் இறக்கி வைக்கிறார்கள். டன் கணக்கில் கனக்கும் படகு அந்தரத்தில் சொட்டச் சொட்டத் தொங்குவதைப் பார்க்கும்போது, எங்கள் லேபின் சுமைக்கொக்கி ஞாபகம் வந்தது.

தண்டு விற்பவர் ஊருக்கு வெளியே, காட்டோரம் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், மரமில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே போய்த் தண்ணீர்க் குழாயை எடுத்து வந்து, எங்கள் கார்ச் சக்கரங்களைச் சேறு போகக் கழுவினார். அதற்குப் பிறகுதான் கை கொடுத்தார்.

காரணத்தை மரத்தடியில் நின்று சொன்னார். போர்ட் ஆர்ஃபர்டு சீடர் என்று பெயரே தவிர அது உண்மையான சீடர் இல்லை, சைப்ரஸ் இனத்து உறவு. உலகத்திலேயே ஒரிகனின் தென்மேற்கு மூலையிலும் அதை ஒட்டிய கலிஃபோர்னியாவின் வடமேற்கிலும் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. 1854இல் இதன் விதை எடின்பரோவில் லாசன் என்ற நாற்றுப்பண்ணைக்குப் போனது. தாவரப்பெயரில் ‘லாசோனியானா’ என்று அந்தப் பண்ணையின் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். நிழலில் நின்று 500 வருடம் தாண்டியும் வாழக்கூடிய மரம். அதற்கு வந்த எமன் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர், பைட்டோஃப்தோரா லேட்டராலிஸ். 1923இல் சியாட்டில் பக்கத்து நாற்றங்காலில் முதலில் தெரிந்தது. 1952இல் கூஸ் பே அருகே, மரத்தின் சொந்தக் காட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வேரில் நுழைகிறது, மரம் பழுப்பேறி நின்றபடியே சாகிறது. இதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும், சேற்றில் ஒட்டிக்கொண்டு சக்கரத்தோடு ஊர்ஊராகப் போகும். மழைக்காலத்தில் காட்டுப் பாதைகளுக்குக் கேட் போட்டுப் பூட்டுவதும், வண்டியைக் கழுவிவிட்டு உள்ளே விடுவதும் இதனால்தான்.

ஒரு கிளையை எட்டிப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பச்சைச் செதில்களுக்கு இடையே, யாரோ சாக்பீஸால் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. இந்த மரத்தைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளமாம். பிறகு பட்டறைக்குள் கூட்டிப்போய், ஒரு கட்டையை ரம்பத்தில் கொடுத்தார். தூள் பறந்ததும் இஞ்சி வாசம்! புதிதாக இஞ்சியைத் தட்டிப் போட்டது போல, மூக்கில் சுரீரென்று ஏறுகிற வாசம். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே நொடியில் இரண்டு பேருக்கும் எங்கள் சமையலறை நினைவுக்கு வந்துவிட்டது.

ரேகை நேராக ஓடும், எடை குறைவு, வளைந்தால் சட்டென்று நிமிரும். மர அம்புத்தண்டு என்றாலே இந்த மரம் என்று ஆனதற்கு இந்த மூன்றும்தான் காரணம். அவர் அறுப்பது பெரும்பாலும் செத்து நின்ற மரங்களையும் விழுந்து கிடந்தவற்றையும்தான் என்றார். 11/32 அங்குலக் கனத்தில் இரண்டு டஜன் தண்டு வாங்கினோம். வேண்டுமென்றே, தரம் பிரிக்காத கட்டிலிருந்து.

“பிரிச்சதே இருக்கே, அம்மா எதுக்குப் பிரிக்காததைக் கேக்கிறாங்க?” என்று அவர் மகளிடம் கேட்டார். மகள் சொன்னதும் சிரித்தார். கிளம்பும்போது, நன்றாகக் காய்ந்த தண்டு ஒன்றை விலையில்லாமல் கூடவே கட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை தங்கியிருந்த அறையில் வேலை தொடங்கியது. கருவியின் கணக்கு எளிது. மரத்தண்டுக்காரர்களின் பழைய வழக்கப்படி, 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின் மேல் தண்டு. நடுவில் 2 பவுண்டு எடை. தண்டு எத்தனை அங்குலம் தொங்குகிறதோ அந்த எண்ணால் 26ஐ வகுத்தால் கிடைப்பது ‘ஸ்பைன்’, பவுண்டில். 0.65 அங்குலம் தொங்கினால் 40 பவுண்டு, 0.52 தொங்கினால் 50. அதாவது, கிட்டத்தட்ட எத்தனை பவுண்டு வில்லுக்கு அந்தத் தண்டு ஒத்துப்போகும் என்பதே எண்ணாக வருகிறது. இப்போதைய கார்பன் தண்டுகளுக்கு வேறு வழக்கம்: 28 அங்குல இடைவெளி, 880 கிராம் எடை, தொங்கலை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். மரத்துக்கு எங்களுக்குப் பழைய வழக்கமே போதும்.

ஹார்டுவேர் கடையில் மூன்றடிப் பலகை, இரண்டு மரக்கட்டைகள், அரை அங்குல உருளைக்குச்சி, திருகாணிகள், 3/16 அங்குல எஃகுக் கம்பி வாங்கினோம். எடைக்கு என்ன செய்வது? மீன்பிடி ஊர் கைகொடுத்தது. பாறைமீன் பிடிக்கக் கடலடிக்கு இறக்கும் ஈயக்குண்டுகள் கடையில் வரிசையாகத் தொங்கின. 16 அவுன்ஸ் ஒன்று, 12 ஒன்று, 3 ஒன்று. மொத்தம் 31. மீதி ஓர் அவுன்ஸுக்குக் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கினேன். அம்பு நிறுக்க மகள் வைத்திருந்த சின்னத் தராசில் 907 கிராம் வரும்வரை கம்பியை நறுக்கிக்கொண்டே வந்தேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாட்டில் கைவைத்தோம்.

தொங்கலை அளக்க டயல் கேஜ் வைப்பார்கள். அதன் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தண்டை எதிர்த்துத் தள்ளும், அளவு கெடும். நாங்கள் மூங்கில் குச்சி ஒன்றைச் சுட்டியாக்கினோம். அச்சாணியிலிருந்து தண்டைத் தொடும் பக்கம் 2 அங்குலம், மறுபக்கம் 10 அங்குலம். தண்டு ஒரு பங்கு இறங்கினால் முனை ஐந்து பங்கு ஏறும். சுட்டியைத் தண்டுக்கு அடியில் ஒட்டி வைத்துவிட்டுச் சுழியம் குறிக்க வேண்டும், அப்புறம்தான் எடை மாட்ட வேண்டும். அப்போது குச்சியின் சொந்தக் கனம் கணக்கில் சேராது. பின்னால் ஓர் அட்டை நிறுத்தி, 40க்கு 3.25 அங்குலம், 45க்கு 2.89, 50க்கு 2.60 என்று கோடு போட்டேன். பவுண்டு கூடக் கூடக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தன. நீ எழுதின ஸ்கேலா இது என்று மகள் அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

முதலில் அம்பை வைக்க விடவில்லை. கருவியைச் சோதிக்காமல் பொருளைச் சோதிக்கக் கூடாது என்று 31 வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எஃகுக் கம்பியை வைத்தோம். எஃகின் நெகிழ்ச்சிக் கெழு தெரியும், கம்பியின் கனம் தெரியும். இரு முனையும் தாங்கி நடுவில் சுமை தொங்கினால் தொங்கல் எவ்வளவு என்பது எங்கள் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்லும் சூத்திரம். கணக்குப்படி 0.41 அங்குலம், சுட்டியில் 2.05 காட்ட வேண்டும். காட்டியது 2.17.

ஆறு சதவீதம் கூட. மறுபடி மாட்டினோம். அதேதான்.

எடையைத் திரும்ப நிறுத்தோம், சரி. கம்பியின் கனத்தை அளந்தோம், சரி. சூத்திரத்தில் மிச்சமிருந்தது இடைவெளி. சுமையும் தொங்கலும் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் இடைவெளி மூன்று மடிப்பாகப் பெருகும், கன அளவாக. டேப்பை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. இரண்டு உருளைக்குச்சிகளின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 26 அங்குலம் வைத்திருந்தேன். தண்டு உட்காருவதோ உருளையின் உச்சியில். உச்சிக்கு உச்சி 26½ அங்குலம். அந்த அரை அங்குலம் மூன்று தடவை பெருகி ஆறு சதவீதமாக வந்து நின்றது. விட்டிருந்தால், 50 பவுண்டுத் தண்டை 47 என்று சொல்லியிருக்கும் எங்கள் பலகை. திருகாணியைக் கழற்றி நகர்த்தி முடுக்கினேன். கம்பியை வைத்தோம். 2.05.

மகள் ஒன்றும் பேசவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இப்போது அந்த 12 அம்புகள். வாங்கின இடத்தில் 40-45 என்று எழுதிக் கட்டிக் கொடுத்த கட்டு அது. ஒவ்வொன்றாக வைத்து, எடையை மெல்ல இறக்கி, சுட்டி அசைவு நின்றதும் படித்து, பென்சிலால் தண்டிலேயே எழுதினோம். 42, 41, 44, 39, 43... ஒன்பதும் இந்த வட்டாரத்திலேயே நின்றன. ஒதுங்கிப்போகும் மூன்று: 50, 52, 53.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடம் தன் கையைத் திட்டிக்கொண்டிருந்த பெண். விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “அப்ப நான் நல்லாத்தான் விட்டுருக்கேன்மா” என்று மெதுவாகச் சொன்னாள்.

இரவு முழுக்க மழை பெய்தது. நாங்கள் புதுத் தண்டுகளை அளந்துகொண்டே இருந்தோம். அப்போதுதான் மரத்தின் குணம் விளங்கியது. ஒரே தண்டை அப்படியே கால்வட்டம் திருப்பி வைத்தால் எண் மாறியது; ஒரு பக்கம் 46, ஒரு பக்கம் 43. ஆண்டு வளையங்களின் கோடுகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதைப் பொறுத்து மரம் விறைக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எல்லா அம்பிலும் வளையக்கோட்டின் விளிம்பு வில்லைப் பார்க்கும்படி நாண்பள்ளம் வெட்டுகிறார்கள். அளப்பதும் அந்தப் பக்கத்தில்தான். கட்டின 12 அம்பும் ஒரே மாதிரி வளைய வேண்டும் என்றால், ஒரே மாதிரி பிடித்து அளந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் விறைத்த தண்டை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம். இங்கே விட்டத்தின் வேலை இடைவெளியையும் மிஞ்சியது, நான்கு மடிப்பு. 11/32 அங்குலத் தண்டில் விட்டத்தை அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர் குறைத்தால் 45 பவுண்டு 40 ஆகிவிடும். பெரியவர் சும்மா கொடுத்த தண்டு 48 காட்டியது. நான் தேய்க்கத் தேய்க்க, மகள் நாலு இழுப்புக்கு ஒருமுறை வாங்கிப் பலகையில் வைத்துப் பார்த்தாள். 47, 46, 44. “போதும்மா, நிறுத்து.” அறை முழுக்க இஞ்சி வாசம்.

திரும்பும் நாள் காலை கேப் பிளாங்கோ போனோம். 1870இல் கட்டிய கலங்கரை விளக்கம், காற்று அடிக்கும் மேட்டில் தனியாக நிற்கிறது. நிற்கவே முடியாத காற்று. கீழே கிடந்த புல் எல்லாம் ஒரே திசையில் படுத்து எழுந்துகொண்டிருந்தது. ரோஸ்பர்க் தாண்டி காட்டேஜ் குரோவ் வந்தபோது, அந்தப் பக்கத்தில் டொரீனா என்ற வனத்துறை ஆய்வுப் பண்ணை இருப்பதை மகள் காட்டினாள். போர்ட் ஆர்ஃபர்டு சீடரின் நாற்றுகளை அந்த நோய்க்கே கொடுத்துச் சோதிக்கிறார்கள். பெரும்பாலானவை போய்விடும். தாக்குப்பிடிக்கும் சிலவற்றிலிருந்து விதையெடுத்துக் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சக்கரத்தைக் கழுவின அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், அந்த மூன்று அம்பையும் உடைத்துப் போடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவற்றில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம் பக்கம் பத்துப் பொருத்தம் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் பையன்மேலும் பழி இல்லை, பெண்மேலும் பழி இல்லை; வேறு இடம் பார்ப்போம். குழுவில் 50 பவுண்டு வில் வைத்திருக்கும் ஒருவர் வருவார். தண்டில் பென்சிலால் எழுதியிருந்த 50, 52, 53ஐக் காட்டி, அவர் கையில் மூன்றையும் கொடுத்தாள்.

அவர் விட்டார். முதலாவது மஞ்சள் வட்டத்தை ஒட்டிக் குத்தியது. இரண்டாவது அதற்கு நாலு விரல் தள்ளி. மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. அவர் ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய் அம்புகளைப் பிடுங்கி வந்து, இந்த மூன்றையும் தானே வைத்துக்கொள்ளலாமா என்று மகளிடம் கேட்டார்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது பலகை அவளிடமே இருந்தது. ஈயக்குண்டுகளையும் எஃகுக் கம்பியையும் என் சுங்குடிச் சேலையில் சுற்றி அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அளக்கத் தொடங்கும் முன் கம்பியை ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும், 2.05 வருகிறதா என்று.